நன்செய் உழவு இயந்திரங்களின் திறன் தேர்வு

நன்செய் உழவு இயந்திரங்களின் திறன் தேர்வு என்பது, நீர் தேக்கி உழப்படும் நெல் வயலுக்கு எந்த அளவுள்ள எஞ்சின் பொருத்திய இயந்திரத்தை வாங்குவது அல்லது வாடகைக்கு அமர்த்துவது என்று முடிவு செய்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டின் ஆற்றுப் பாசனப் பகுதிகளில் இத்தேர்வு பெரும்பாலும் மூன்று வகை இயந்திரங்களுக்கு இடையே அமைகிறது. அவை, ஏறத்தாழ 12 முதல் 15 குதிரைத்திறன் கொண்ட பவர் டில்லர், 15 முதல் 28 வரையிலான சிறிய டிராக்டர், 35 முதல் 50 வரையிலான வழக்கமான டிராக்டர் என்பனவாகும். திறன் கூடினால் வேலை விரைவாக முடியும் என்பது பொதுவான எண்ணம். புன்செய் நிலத்தில் இது பெரும்பாலும் சரியே. சேற்று வயலில் இயந்திரத்தின் எடை, வயல் துண்டின் பரப்பு, வயலுக்குச் செல்லும் பாதை, கால்வாயில் நீர் வரும் நாள் ஆகிய நான்கும் எஞ்சின் அளவுக்கு இணையாகவோ அதனினும் மேலாகவோ முடிவைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியையும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிப் பாசன வயல்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வயல்களின் தன்மை

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரத்திற்கு எதிரே, தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த பேரூராகும். வெளியூர்களில் இவ்வூர் அப்பளத்திற்காகவே அறியப்பட்டாலும், இதன் நிலவுரு நெல்லாலும் வாழையாலும் ஆனது. பாபநாசம் அணையிலிருந்து வரும் நீர், ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்து அமைந்த பழைய அணைக்கட்டுகளால் திருப்பப்பட்டுக் கால்வாய்களில் பாய்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய கால்வாய்கள் மேற்பகுதியைச் சேர்ந்தவை. இவற்றுள் கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி பகுதிகளின் வழியே சென்று 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாசனம் அளிக்கிறது. ஆற்றின் மொத்தப் பாசனப் பரப்பு ஏறத்தாழ 86,000 ஏக்கர் ஆகும்.

இங்கு ஆண்டுக்கு இரு நெற்பருவங்கள் உள்ளன. சூன் மாதத்தில் தொடங்குவது கார். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர் வாக்கில் தொடங்குவது பிசானம். 1937ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, அம்பை 16 என்று உழவர்களால் அழைக்கப்படும் ஏ.எஸ்.டி 16 உள்ளிட்ட குறுகிய கால இரகங்கள் கார் பருவத்திற்கு ஏற்றவை. குறுகிய கால இரகத்தின் நாற்றை முற்றவிடாமல் நடவேண்டும். ஆகவே கால்வாயில் நீர் வந்தபின் உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. அணை திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் ஒரு கால்வாய்ப் பாசனத்தைச் சேர்ந்த அனைவருக்கும் ஒரே வாரத்தில் இயந்திரம் தேவைப்படுகிறது. பிற்பகுதியில் வரும் கணக்குகளைப் படிக்கும்போது இந்த நெருக்கடியை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

நிலவுடைமையின் அளவும் சிறியது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இதுவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பாகப்பிரிவினையாலும், நீர் ஓட்டத்திற்கேற்ப வயல்கள் படிப்படியாக வரப்பிட்டு அமைக்கப்பட்டிருப்பதாலும், பத்து செண்ட், பதினைந்து செண்ட் துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது இயல்பு.

கன அளவும் குதிரைத்திறனும்

எஞ்சினின் அளவைக் குறிக்க இரு எண்கள் வழங்குகின்றன. உருளைக்குள் உந்துதண்டு ஒரு முறை நகரும்போது பெயர்க்கும் கன அளவு, கன செ.மீ அல்லது பேச்சு வழக்கில் 'சிசி' எனப்படும். ஒரு நொடியில் செய்யத்தக்க வேலையின் அளவு குதிரைத்திறன் எனப்படும். இரண்டும் ஒன்றல்ல. இவற்றை ஒன்றாகக் கருதுவதால் நேரும் பிழைகள் பல.

எடுத்துக்காட்டாக, வி.எஸ்.டி சக்தி 130 டிஐ பவர் டில்லரின் ஒற்றை உருளை டீசல் எஞ்சின் 673 கன செ.மீ அளவுள்ளது, திறன் 13 குதிரைத்திறன். போலாரிஸ் நிறுவனம் 2019இல் டிராக்டர் வகையில் சாலைப் பதிவு பெறத்தக்கதாக இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்னும் நான்கு சக்கர அனைத்து நில வண்டியின் பெட்ரோல் எஞ்சின் 567 கன செ.மீ மட்டுமே, திறனோ 30 குதிரைத்திறனுக்கு மேல். சிறிய எஞ்சின் இரு மடங்குக்கும் கூடுதலான திறனைத் தருவது விந்தையன்று. திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிவரும் அளவு. பெட்ரோல் எஞ்சின் மிக விரைவாகச் சுழன்று திறனைப் பெறுகிறது. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழன்று, முறுக்கு விசையால் அதனைப் பெறுகிறது. நாள் முழுவதும் முழுச் சுமையில் ஓடவேண்டிய உழவு வேலைக்கு இரண்டாவது வகையே ஏற்றது. அமெரிக்கா, ஆசுத்திரேலியா போன்ற நாடுகளின் பண்ணைகளில் அனைத்து நில வண்டிகள் தீவனம் சுமக்கவும் வேலி பார்க்கவும் பயன்படுகின்றன. அங்கு 300 கன செ.மீ போதுமா, 700 வேண்டுமா என்பதே வாங்குவோரின் கேள்வி. அவ்வண்டிகள் செய்யும் சுமைவேலையைத் தாமிரபரணிக் கரையில் இழுவைப்பெட்டி பூட்டிய பவர் டில்லர் செய்துவிடுகிறது. அத்துடன் உழவும் செய்கிறது.

ஒரே குதிரைத்திறன் கொண்ட இரு டிராக்டர்களிடையேயும் இவ்வேறுபாடு உண்டு. மகிந்திரா 575 டிஐ, குபோட்டா எல் 4508 ஆகிய இரண்டும் 45 குதிரைத்திறன் கொண்டவை. முதலாவதன் எஞ்சின் 2,730 கன செ.மீ; அது நிமிடத்திற்கு 1,900 சுற்றில் அத்திறனைத் தருகிறது. இரண்டாவதன் எஞ்சின் 2,197 கன செ.மீ, சுற்று 2,600. திறனைச் சுற்றால் வகுத்துக் கணக்கிட்டால், அந்தந்த வேகத்தில் முதல் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 166 நியூட்டன் மீட்டர் என்றும், இரண்டாவதன் விசை ஏறத்தாழ 121 நியூட்டன் மீட்டர் என்றும் வரும். பெரிய எஞ்சின் திடீரென்று கூடும் சுமையை, பல்லிணை மாற்றாமலே சமாளிக்கும். இழுவைப்பெட்டியில் பாரம் ஏற்றிச் செல்வோர் இதனை விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆனால் பெரிய எஞ்சினுக்குப் பெரிய வார்ப்பு, பெரிய பல்லிணைப்பெட்டி, கனமான அச்சு ஆகியவை வேண்டும். முதலாவது 1,800 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இரண்டாவது 1,400 கிலோவுக்கு உட்பட்டது. அதனுடன் நான்கு சக்கரங்களும் இயக்கப்படுபவை. விலைப்பட்டியலில் '45 எச்.பி' என்று ஒரே வரிசையில் இருக்கும் இவ்விரண்டும் சேற்றில் இறங்கினால் வேறு வேறு இயந்திரங்கள்.

விளம்பரத்தில் காணப்படும் குதிரைத்திறன் எஞ்சினுடையது. சுழல் கலப்பையை இயக்கும் திறன் எடுப்புத் தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இழுகொக்கியில் கிடைப்பது இன்னும் குறைவு. ஒரு கலப்பையை 600 கிலோ விசையுடன் மணிக்கு 4 கி.மீ வேகத்தில் இழுப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 1.11 மீட்டர் என்பதால், 600 × 1.11 ÷ 75 = ஏறத்தாழ 9 குதிரைத்திறன் போதும். ஆனால் இளகிய மண்ணில் சக்கரம் வழுக்குவதாலும், மண் அமிழ்வதாலும் எஞ்சின் திறனில் பாதியளவே இழுவையாக மாறுகிறது என்று கொண்டால், 18 குதிரைத்திறன் எஞ்சின் தேவைப்படும். நன்செயில் சுழல் கலப்பை விரும்பப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். அது சக்கரத்தின் பிடியை நம்பாமல் எஞ்சின் திறனை நேரடியாக மண்ணில் செலுத்துகிறது. கத்திகள் சுழலும் திசை வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்கிறது.

ஓர் இயந்திரத்தின் உண்மையான திறனை அறிய விரும்புவோருக்கு அரசின் சோதனை அறிக்கைகள் உள்ளன. டிராக்டர்கள் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள நடுவண் நிறுவனத்தில் ஐ.எஸ் 5994 தரப்படியும், பவர் டில்லர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் கார்லதின்னேயில் உள்ள தென்மண்டல நிறுவனத்தில் ஐ.எஸ் 9935 தரப்படியும் சோதிக்கப்படுகின்றன. வாங்கும் முன் இவற்றைக் கேட்டுப் படிப்போர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

சேற்றுழவும் எடையும்

நெல் வயலை நீர் தேக்கி உழுது கலக்குவதைத் திருநெல்வேலிப் பகுதியில் தொளி கலக்குதல் என்பர். இதன் நோக்கம் மண்ணைப் புரட்டுவது மட்டுமன்று. மண் துகள்களைக் கூழாக்கி, அடியில் நீர் எளிதில் கசியாத ஓர் இறுகிய படலத்தை அமைத்து, நீரைத் தேக்கி வைப்பதே முதன்மை நோக்கம். இவ்விறுகிய அடிப்படை மாடுகளின் குளம்பாலும் மரக்கலப்பையாலும் பல தலைமுறைகளாக உருவானது. டிராக்டர் சேற்றில் அமிழாமல் நிற்பதும் இதன்மேல்தான்.

இவ்வடிப்படை ஒரு தளம் போன்றது. அது தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. கனமான டிராக்டர் ஆண்டுக்கு இரு பருவமும் ஒரே வழியில் இறங்கி ஏறும்போது, அவ்விடத்தில் தளம் உடைந்து குழி விழுகிறது. அடுத்த பருவத்தில் சக்கரம் அதே குழியில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. சில ஆண்டுகளில் வயலின் ஒரு மூலை 'புதையும் இடம்' என்று பெயர் பெற்றுவிடும். பிறகு அறுவடை இயந்திரமும் அவ்விடத்தில் சிக்கும். சுமையைப் பரப்புவதற்காகச் சக்கரத்தோடு இரும்புக் கூண்டுச் சக்கரம் பொருத்தப்படுகிறது. இது அமிழ்வதைக் குறைப்பதோடு சேற்றையும் நன்கு கலக்குகிறது. ஆனால் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டிச் செல்வது சாலையைப் பாழாக்குகிறது. இது பருவந்தோறும் எழும் புகாராகும்.

பவர் டில்லரின் எடை, சுழல் கலப்பையோடு சேர்த்து 400 முதல் 500 கிலோ அளவில் இருக்கும். அது தளத்தை உடைப்பதில்லை. வரப்பில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அடுத்த வயலுக்கு இறக்கிவிடலாம். வண்டிப்பாதை இல்லாத வயலுக்கு, பக்கத்து வயல்காரர் நடவு முடிக்கும் முன்னர் மட்டுமே டிராக்டர் போக முடியும். அவர் நட்டுவிட்டால் வழி அடைபட்டுவிடும். கால்வாயின் உட்பகுதி வயல்களில் இன்றும் பவர் டில்லர் விடாமல் உழைப்பதற்குக் காரணம் சிக்கனம் என்பதைவிடப் பாதையின்மையே எனலாம்.

சிறிய டிராக்டர்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. மகிந்திரா யுவராஜ் 215 ஒற்றை உருளையும் 863 கன செ.மீ அளவும் 15 குதிரைத்திறனும் கொண்டது. குபோட்டா பி 2441 மூன்று உருளைகளும் 1,123 கன செ.மீ அளவும் 24 குதிரைத்திறனும் கொண்டது. நான்கு சக்கர இயக்கம் உடையது. இவை முதன்மையாகத் தோட்டப் பயிர்களுக்கு உருவானவை. வாழை வரிசைகளுக்கு இடையே களை உழவு செய்ய இவை மிகவும் ஏற்றவை. ஆழமான தொளியில் இவற்றின் சிறிய சக்கரங்களும் தாழ்ந்த அடிப்பகுதியும் இடையூறாகலாம். நெல்லையும் வாழையையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் மட்டும் இவ்வகைக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கிறது.

வேலை அளவும் எரிபொருளும்

சிறிய எஞ்சின் டீசலை மிச்சப்படுத்தும் என்பது பரவலான நம்பிக்கை. ஒரு மணி நேரத்திற்கு என்று பார்த்தால் இது உண்மை. ஏக்கருக்கு என்று பார்த்தால் அவ்வாறு இல்லை. பின்வரும் கணக்கு ஓர் உத்தேச மதிப்பீடேயாகும்.

பவர் டில்லரின் சுழல் கலப்பை 60 செ.மீ அகலம் கொண்டது. மணிக்கு 2 கி.மீ வேகத்தில் சென்று, திருப்பங்களுக்கும் மறுபடிவுக்கும் கால்பங்கு கழித்தால், மணிக்கு 900 சதுர மீட்டர் உழலாம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் ஆதலால் ஒரு சால் உழவுக்கு நான்கரை மணி நேரம் ஆகும். மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 6.75 லிட்டர் டீசல் செலவாகும். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றரை மீட்டர் சுழல் கலப்பையுடன் மணிக்கு 3 கி.மீ வேகத்தில் சென்று, முப்பது விழுக்காடு கழிவு போக, மணிக்கு 3,150 சதுர மீட்டர் உழும். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம். மணிக்கு 5 லிட்டர் வீதம் ஆறரை லிட்டர். ஆக, ஏக்கருக்கு ஆகும் டீசல் ஏறக்குறைய சமமே. அதே மண்ணை அதே அளவு கலக்க அதே ஆற்றல் வேண்டும் என்பதால் இதில் வியப்பு இல்லை.

வயல் துண்டு சிறுக்கும்போது கணக்கு மாறுகிறது. பத்து செண்ட் வயல் ஒன்று 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். டிராக்டர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி செல்ல 24 நொடி போதும். திரும்புவதற்கு 15 முதல் 20 நொடி ஆகும். நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு திருப்பத்திலேயே கழிகிறது. ஏக்கருக்கு ஆகும் நேரம் 1 மணி 40 நிமிடமாகக் கூடும். மூலைகள் உழப்படாமல் நிற்கும். அவற்றை மண்வெட்டியால் கொத்திவிட ஆள் வேண்டும். மணிக்கணக்கில் வாடகை தரும் வழக்கம் உள்ளதால், சிறு துண்டுகளை உடையவர் ஒரே பரப்புக்குக் கூடுதல் வாடகை தருகிறார். இவ்விழப்பு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

மறுபுறம் காலம் உள்ளது. இரு சால் உழவுக்குப் பவர் டில்லருக்கு ஏக்கருக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால், பதினைந்து நாட்களில் பதின்மூன்று ஏக்கர். டிராக்டர் அதே பதினைந்து நாட்களில் நாற்பது ஏக்கர் அளவில் முடித்துவிடும். தண்ணீர் உரிய நாளில் வரும் ஆண்டில் பவர் டில்லர் போதும். பதினைந்து நாள் தாமதமாக வரும் ஆண்டில், நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது, டிராக்டர் வைத்திருப்பவரின் வீட்டு வாசலிலேயே காத்திருக்க நேரிடும்.

ஓட்டுநரின் உடலும் பாதுகாப்பும்

திறன் தேர்வைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாக இடம்பெறுவது ஓட்டுபவரின் உடல்நிலை. 60 செ.மீ அகலமுள்ள கலப்பையால் ஓர் ஏக்கரை ஒரு சால் உழ, இயந்திரம் 6.7 கி.மீ தூரம் செல்லவேண்டும். இரு சாலுக்கு 13 கி.மீ. பின்னால் நடப்பவர் முழங்கால் அளவுச் சேற்றில், கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி, இத்தூரத்தை நடக்கிறார். இருக்கை பொருத்தப்பட்ட வகைகளிலும் சேற்றுழவின்போது பலர் இறங்கி நடக்கின்றனர். ஒற்றை உருளை டீசல் எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியே நேராகக் கைகளுக்குச் செல்வதால், நெடுநாள் ஓட்டியவர்களுக்கு விரல் மரத்துப்போதலும் தோள் வலியும் ஏற்படுகின்றன. ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே இன்று பவர் டில்லர் உரிமையாளர்கள் பலரின் முதன்மைக் குறை.

பவர் டில்லருக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இதனைத் திருப்புவதற்கு இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்தின் இயக்கம் துண்டிக்கப்பட்டு, வலச்சக்கரம் மட்டும் தள்ள, இயந்திரம் இடப்புறம் திரும்பும். சமதரையிலும் மேட்டில் ஏறும்போதும் இவ்வாறே நிகழும். சரிவில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைத் தடுத்துப் பிடிப்பதால், இயக்கம் துண்டிக்கப்பட்ட சக்கரமே விரைந்து உருளும். இயந்திரம் எதிர்ப்புறமாகத் திரும்பிவிடும். கால்வாய்க் கரையிலிருந்து வயலுக்கு இறக்கும்போது புதியவர்கள் இயந்திரத்தோடு வாய்க்காலில் விழுவது இதனால்தான். சரிவில் பிடிகளைத் தொடாமல், மிகக் குறைந்த வேகத்தில், கைப்பிடியின் தள்ளுதலால் மட்டுமே திசை மாற்றவேண்டும்.

டிராக்டரின் ஆபத்து அதன் முறுக்கு விசையிலேயே உள்ளது. சேற்றில் புதைந்த பின்சக்கரங்கள் சுழலாமல் நின்றுவிட்டால், எஞ்சின் தரும் விசை சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரங்கள் எழும்பி, ஓரிரு நொடிகளில் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை அழுத்தும். புதைந்த சக்கரத்தின் முன்னே மரக்கட்டையைக் கட்டி, தாழ்ந்த பல்லிணையில் முன்னோக்கி ஏற முயல்வது இவ்வகை விபத்துக்கு நேரான வழி. இம்முறை ஊர்களில் இன்றும் கையாளப்படுகிறது. புதைந்த டிராக்டரைப் பின்னோக்கி எடுக்கவேண்டும். அது இயலாவிடில் மற்றொரு வண்டியால் இழுக்கவேண்டும். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இந்த எச்சரிக்கையும் கூடவேண்டும். கவிழ்வைத் தாங்கும் பாதுகாப்புச் சட்டம் பொருத்திய வண்டிகளில், இருக்கைப் பட்டையும் அணிந்திருந்தால் உயிரிழப்பு பெரிதும் தவிர்க்கப்படும். நிழலுக்காகப் போடப்படும் கூரை இப்பாதுகாப்பைத் தருவதில்லை.

உடைமையும் வாடகையும்

வேளாண் பொறியியல் நூல்கள் டிராக்டரின் ஆண்டு உழைப்பை 1,000 மணி நேரம் என்று கொண்டு செலவைக் கணக்கிடுவது வழக்கம். இரு நெற்பருவங்களின் உழவு நாட்கள் சேர்ந்து முப்பது முதல் நாற்பது வரையே. நாளுக்கு எட்டு மணி என்றாலும் 240 முதல் 320 மணி நேரம் மட்டுமே கிடைக்கும். எஞ்சிய நேரத்திற்கு வேலை வேண்டுமானால் இழுவைப்பெட்டியில் செங்கல், வைக்கோல், வாழைத்தார் ஏற்றவேண்டும். அல்லது புன்செய்ப் பகுதிகளுக்குச் சென்று உழவேண்டும். வயலுக்கு இலகுவான வண்டி ஏற்றது என்று அறிந்தவரும் கனமான பெரிய எஞ்சினை வாங்குவதன் காரணம் இங்குள்ளது. கடன் தவணையை அடைப்பது வயல் அன்று, சாலை. இதன் விளைவை ஏற்பது வயலின் அடித்தளம்.

பவர் டில்லர் தயாரிப்பில் தென்னிந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. வி.எஸ்.டி நிறுவனம் 1967இல் மிட்சுபிசியின் கூட்டுறவுடன் பெங்களூரில் தொடங்கப்பட்டது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973இல் எர்ணாகுளம் மாவட்டத்து அத்தாணியில் தொடங்கப்பட்டு, குபோட்டாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டு பவர் டில்லர் செய்தது. ஆதலால் உதிரிபாகங்களும் பழுது நீக்குவோரும் கிடைப்பது எளிது. டிராக்டர்களில், 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் 36 குதிரைத்திறன் கொண்ட மாசி பெர்குசன் 1035 நெடுங்காலமாக அறிமுகமானது.

அரசு மானியமும் தேர்வைப் பாதிக்கிறது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், பவர் டில்லர்கள் 8 குதிரைத்திறனுக்குக் குறைவானவை, 8 மற்றும் அதற்கு மேற்பட்டவை என இரு பிரிவாக்கப்பட்டன. சிறு, குறு உழவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் பிறருக்கு 40 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படும் என வகுக்கப்பட்டது. 8 குதிரைத்திறனுக்குக் குறைந்த டில்லர்கள் களையெடுப்பதற்கு உதவுமேயன்றித் தொளி கலக்கப் போதா. விலை மலிவு என்பதற்காக அவற்றை நன்செய் உழவுக்கு வாங்குவது பயனற்றது. மறுகோடியில், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி 1 முதல் டிரெம் நான்கு என்னும் கடுமையான புகை வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதனை நிறைவு செய்யும் எரிபொருள் செலுத்து அமைப்பு விலையையும் பழுது நீக்கும் செலவையும் உயர்த்துகிறது. இத்தகைய சிறு நெல் வயல்களுக்கு 50க்கு மேல் பொதுவாகத் தேவைப்படுவதில்லை என்பதால் அவ்வெல்லையைத் தாண்டுவதில் பொருளில்லை.

தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் பிற கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு அளிக்கிறது. 2018இல் வெளியான உழவன் செயலியிலும் இயந்திர வாடகைக்கான பகுதி உண்டு. இரண்டு ஏக்கர் உழவருக்கு எந்த எஞ்சினையும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் அளவு வேலை இல்லை. அவர் கேட்கவேண்டிய கேள்வி எந்த வண்டி என்பதைவிட, தன் வயலுக்குப் பாதை உள்ள நாட்களில் எது வந்து சேரும் என்பதே. ஒரே மடையில் நீர் பெறும் நான்கைந்து பேர் சேர்ந்து, உட்புற வயலில் தொடங்கிப் பாதையோர வயலில் முடியுமாறு ஒரே நாளில் டிராக்டரை அமர்த்தினால், வழி அடைபடும் சிக்கலும் தனித்தனியே வந்துபோகும் நேரத்திற்கு வாடகை தரும் சிக்கலும் தீர்கின்றன. மூலைகளையும் வரப்போரத்தையும் ஒரு பவர் டில்லரைக் கொண்டு முடித்து, இறுதியில் பரம்படித்து மட்டம் செய்யலாம்.